மீன் பெட்டிக்குள் ஒரு செல்

உடம்பில் உள்ள செல்லுக்கு, அதாவது உயிரணுவுக்கு, கையால் ஒரு மாதிரி கட்டப் போகிறோம். அதற்கு முதலில் மீன் பெட்டி வேண்டும். ஐஸ் போட்டு மீன் அடுக்குவார்களே, பக்கமெல்லாம் துளை துளையாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி, அதுதான். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் பாம்பனில் விசைப்படகுகள் சும்மா நிற்கும்போது பெட்டிகளும் கவிழ்த்துப்போட்டபடி கிடக்கும். அப்போது கேட்டால் தருவார்கள், மற்ற மாதங்களில் கேட்டால் முறைப்பார்கள். நான் மே மாதத்தில் என் தம்பியிடம் வாங்கிக்கொள்வேன். சோப்புத்தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்தாலும் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும். கணவாய் வைத்த பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் பயாலஜி டீச்சர். லீவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ஒரு செல் தன் வகையை மாற்றிக்கொள்ளும்போது, அதாவது ஒட்டி உட்கார்ந்திருந்த செல் எழுந்து நடக்கும் செல்லாகும்போது, அல்லது சாதாரணச் செல் தசையாகும்போது, உள்ளே இருக்கும் சட்டகத்தைப் புரதங்கள் எப்படி அவிழ்த்துக் கட்டுகின்றன என்பதைக் கையால் செய்து பார்க்கும் முறை இது. படம் வரைந்து பல வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன். படத்தில் முடிச்சை அவிழ்க்க முடியாது.

செல்லின் சட்டகம் நுண்குழல், இடைநிலை இழை, ஆக்டின் என்ற மூன்று வகைப் புரத இழைகளால் ஆனது. ஆகவே அதற்கு மூன்று சாமான். நுண்குழலுக்கு இளநீர்க் கடை ஸ்ட்ரா, இருபது இருந்தால் தாராளம். இடைநிலை இழைக்குத் தேங்காய் நார்க் கயிற்றின் ஒரு பிரி. ஆக்டினுக்கு நைலான் நூல், வலை பொத்துகிற நூலிலேயே கொஞ்சம் தடித்தது. கண்டபடி எடுக்கவில்லை, கணக்கு இருக்கிறது. நுண்குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர், இடைநிலை இழை சுமார் 10, ஆக்டின் இழை சுமார் 7. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஸ்ட்ரா 6 மில்லிமீட்டர் என்று வைத்தால் நார்ப்பிரி 2.4 மில்லிமீட்டரும் நூல் 1.7 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். கடையில் ஸ்கேலோடு போய் நின்றால் சிரிப்பார்கள். கண்ணளவே போதும்.

இந்த அளவில் எல்லாம் 2 லட்சத்து 40 ஆயிரம் மடங்கு பெரிதாகிவிட்டது. அப்படியானால் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்) அகலமுள்ள செல்லுக்கு 4.8 மீட்டர் இடம் வேண்டும். எங்கள் திண்ணையே அவ்வளவு கிடையாது. ஆகவே இழைகளின் தடிமன் விகிதம் சரி, பெட்டி மட்டும் சின்னது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லலாம்: நுண்குழல் என்பது டியூபுலின் புரதத்தின் ஜோடிகளை வரிசையாகக் கோத்து, அப்படி 13 வரிசைகளைச் சுற்றி நிறுத்திய குழாய். ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். இருபது சென்டிமீட்டர் ஸ்ட்ரா ஒன்றில் சுமார் 1,350 ஜோடி இருக்கும். போன மே மாதம் ஒரு பிள்ளை ஸ்ட்ராவில் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டாள். நானூறில் நிறுத்தினோம்.

ஒவ்வொரு ஸ்ட்ராவிலும் ஒரு முனைக்கு நகப்பாலிஷ் பூசுங்கள். சிவப்பு முனை கூட்டல் முனை, வேகமாக வளர்வதும் சட்டென்று சரிவதும் அங்கேதான். நன்றாக நீண்டுகொண்டிருக்கும் குழல் திடீரென்று உதிர்ந்து குட்டையாகும், மறுபடியும் நீளும். டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்ற இரு விஞ்ஞானிகள் 1984-ல் இதைக் காட்டினார்கள். பூசாத முனை கழித்தல் முனை. அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் நம் கதை முழுக்க இருக்கிறது. ஆக்டினுக்கும் இரு முனைகள் வேறுவேறுதான், ஆனால் நூலில் அதைக் காட்டப் போனால் குழப்பம், விட்டுவிடுங்கள். நார்ப்பிரிக்கு மேல்முனை கீழ்முனை எதுவும் கிடையாது. இழுத்தால் கொடுக்கும், அறாது. இடைநிலை இழைகளும் அப்படியேதான்.

மற்ற சாமான்கள்: வலை மிதவை ஒன்று, அது உட்கரு. துணி கிளிப் ஒரு டஜன், ஊக்கு ஒரு அட்டை, ரப்பர் பேண்ட், களிமண் ஓர் உருண்டை, விளக்குமாற்று ஈர்க்கு, துண்டுச் சீட்டு, கத்தரிக்கோல். பசை மட்டும் எடுக்காதீர்கள். முதல் வருஷம் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வகை மாற வேண்டிய கட்டம் வந்தபோது பிய்த்தெடுக்க முடியாமல் பெட்டியும் போச்சு. தம்பி இன்றைக்கும் அந்தப் பெட்டியைச் சொல்லிக் காட்டுவான்.

இப்போது முதல் செல். குடலின் உட்புறத்தில் சுவர் மாதிரி அணிவகுத்து நிற்குமே, எபிதீலியச் செல், அதைக் கட்டுவோம். இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வையுங்கள், வாய் மேலே பார்க்கட்டும். ஒரு பெட்டிச் சுவரின் துளையில் ஓர் ஊக்கு, அடுத்த பெட்டியின் துளையில் ஓர் ஊக்கு, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுங்கள். இது ஈ-காட்ஹெரின், செல்லைச் செல்லோடு ஒட்டும் புரதம். இந்தச் செல்லின் காட்ஹெரின் பக்கத்துச் செல்லின் காட்ஹெரினோடு கை கோக்கும், கால்சியம் இருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். ஊக்கின் உள்பக்கத்து வளையத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அது கேட்டெனின்கள், காட்ஹெரினை ஆக்டினோடு இணைக்கும் புரதங்கள். அந்த ரப்பர் பேண்ட்களுக்குள் நைலான் நூலை நுழைத்து, பெட்டியின் வாயோரமாக உள்பக்கம் ஒரு சுற்று சுற்றிக் கட்டுங்கள். இடுப்பில் அரைஞாண் கட்டியது போல ஆக்டின் வளையம் வந்துவிடும். நார்ப்பிரிகளை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் துளைகளில் முடிச்சுப் போடுங்கள். இந்த இழை கெரட்டின், சுவரில் உள்ள முடிச்சு அதைச் சுவரோடு கட்டும் டெஸ்மோபிளாக்கின் புரதம். மிதவையை நடுவில் தொங்கவிடுங்கள்.

ஸ்ட்ராக்களை எங்கே கட்டுவது? நான் தப்புச் செய்த இடம் இதுதான். சென்ட்ரோசோம் என்று நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சூரியக் கதிர் மாதிரி எல்லாப் பக்கமும் நுண்குழல்கள்: பாடப்படம் அப்படித்தான் இருந்தது, நானும் பதினெட்டு வருஷம் எல்லாச் செல்லுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். பிரிந்து பெருகும் செல்லுக்கும் நடமாடும் செல்லுக்கும் அது பெரும்பாலும் சரி. ஒரு வேலையில் நிலைத்துவிட்ட பல செல்களுக்குச் சரியில்லை. குடல் எபிதீலியத்தில் குழல்கள் கூரையிலிருந்து தரைக்கு நேராகத் தொங்குகின்றன, சிவப்பு முனை கீழே. கழித்தல் முனைகளைக் கூரையோரம் பிடித்திருப்பது காம்சாப்3 என்ற புரதம். காட்ஹெரினைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி டக்கெய்ச்சியின் குழு இதை 2008-ல் செல்களின் ஒட்டுமிடத்தில் கண்டு, நெஜா என்று பெயர் வைத்தது. பிறகுதான் காம்சாப்3 என்ற பெயர் நிலைத்தது. என்னிடம் படித்துப் போன பிள்ளைகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவா முடியும்? ஆகவே பெட்டியின் வாய்க்குக் குறுக்கே ஈர்க்குகளை வைத்து, துணி கிளிப்பால் ஸ்ட்ராக்களின் பூசாத முனையைக் கவ்வித் தொங்கவிடுங்கள். கிளிப்தான் காம்சாப்3. களிமண் உருண்டைதான் சென்ட்ரோசோம். அதை ஓரமாக வையுங்கள், இந்தச் செல்லில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

கட்டி முடித்ததும் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பெட்டியும் சேர்ந்து ஆடும். ஒரு பையன் எட்டிப் பார்த்து, "கயிறு எல்லாம் இருக்கு, கிளிப்பு எதுக்கு டீச்சர்?" என்றான். கிளிப்பை எடு என்றேன். எடுத்தான். ஸ்ட்ராக்கள் அடியில் குவிந்து விழுந்தன. சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் செல் இல்லை. எந்தப் புரதத்தின் பெயரைக் கேட்டாலும் மனப்பாடம் செய்யாமல் மூன்று கேள்வி கேளுங்கள் என்பேன்: இது எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது, யார் சொல்லிச் செய்கிறது?

சரி, இப்போது வகையை மாற்றுவோம். எபிதீலியச் செல் நடமாடும் மீசன்கைமச் செல்லாக மாறுவது கருவில் நடக்கிறது. நரம்பு முகடு என்ற இடத்திலிருந்து செல்கள் பெயர்ந்து போவது இப்படித்தான். முழங்கால் சிராய்த்தால் தோல் விளிம்புச் செல்கள் ஓரளவு இந்த வழியில்தான் நகர்ந்து காயத்தை மூடுகின்றன. புற்றுநோய்ச் செல்கள் பரவுவதற்கும் இதே வித்தையைத் திருடிக்கொள்கின்றன.

உத்தரவு வெளியிலிருந்து வரும், பல இடங்களில் அது டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம். ஒரு சீட்டில் அதை எழுதிப் பெட்டிச் சுவரில் செருகுங்கள். உள்ளே மிதவையின் மேல் 'ஸ்நெயில்' என்று இன்னொரு சீட்டு ஒட்டுங்கள். இந்தப் புரதம் மரபணுவில் உட்கார்ந்து ஈ-காட்ஹெரின் தயாரிப்பை நிறுத்தும். ட்விஸ்ட், செப் என்று இதற்குக் கூட்டாளிகளும் உண்டு. ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ரப்பர் பேண்ட் தளர்ந்ததும் ஆக்டின் வளையம் தானாகத் தொய்யும். அதை உருவி எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு போடுங்கள். கத்தரிக்கோல் கோஃபிலின், ஆக்டினை வெட்டுகிற புரதம். நுண்குழலை வெட்டவும் ஒன்று உண்டு, கட்டானின். சாமுராய் வாளுக்கு ஜப்பானியப் பெயர் கட்டானா, அதிலிருந்து வைத்த பெயர். பையன்கள் மறக்கவே மாட்டார்கள்.

துண்டுகளை முடிச்சிட்டு நீள நூலாக்கி, இந்தத் தடவை பெட்டியின் அடித்தளத்தில் கட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, விறைப்பாக. வளைந்து கிடந்த இழை இப்போது தரையைப் பிடித்து இழுக்கும் வடமாகிவிட்டது. நீளமாக நேராக இழை போடுவது ஃபார்மின் புரதத்தின் வேலை, விறைக்க வைப்பது மயோசின். மயோசினை ஏவுவது ரோ என்ற சின்னப் புரதமும் அதன் கீழே ராக் என்ற நொதியும். தரையில் முடிச்சு விழும் இடங்களில் டாலின், வின்குலின் என்ற பிடிப்புப் புரதங்களின் பெயரை எழுதுங்கள், வெளியே தரையைத் தொடுவது இன்டெக்ரின் புரதம். முன்பக்கம், அதாவது செல் நகரப்போகும் திசையில், ஒரு நூலிலிருந்து குட்டி நூல்களைக் கிளையாகக் கட்டுங்கள். கிளைக்கும் தாய்க்கும் நடுவே சுமார் 70 பாகைக் கோணம் இருக்க வேண்டும். ஆர்ப்2/3 என்ற கூட்டுப் புரதம் எந்தச் செல்லிலும் அந்தக் கோணத்தில்தான் கிளை வைக்கும்.

நார்ப்பிரியில் பாதியை எடுத்துவிட்டு வேறு நிறத்தில் நார் கட்டுங்கள். மஞ்சளில் முக்கினால் போதும். இடைநிலை இழையில் கெரட்டின் குறைந்து விமென்டின் என்ற வேறு வகை ஏறுகிறது. ஆய்வகத்தில் செல் மாறிவிட்டதா என்று பார்ப்பவர்கள் தேடும் அடையாளங்களில் இந்த நிறமாற்றம் முக்கியமானது. கடைசியாகக் கிளிப்புகளை விடுவித்து, ஸ்ட்ராக்களின் பூசாத முனைகளைக் களிமண் உருண்டையில் செருகி, உருண்டையை மிதவையின் அருகே வையுங்கள். ஒதுங்கிக் கிடந்த சென்ட்ரோசோமுக்கு இப்போதுதான் மவுசு. சிவப்பு முனைகள் விரியட்டும், முன்பக்கம் கொஞ்சம் அதிகமாக. இனி பெட்டியைத் தள்ளினால் பக்கத்துப் பெட்டி வராது.

ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். பிள்ளைகள் உற்சாகத்தில் எல்லா ஊக்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடுவார்கள். செல் அப்படிச் செய்யாது. என் தம்பி நங்கூரக் கயிறு மாற்றும்போது புதுக் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் பழையதை அவிழ்ப்பான். அந்த நடுநேரத்தில் படகில் இரண்டு கயிறும் இருக்கும். செல்லும் பல சமயம் அந்த நடுநேரத்திலேயே நின்றுவிடுகிறது: கொஞ்சம் ஈ-காட்ஹெரின், கொஞ்சம் விமென்டின், பக்கத்தில் கை கோத்தபடி முன்னால் கால் வைப்பது. காயம் மூடும் செல்கள் இப்படிக் கூட்டமாக நகர்கின்றன. ஆகவே பாதி அவிழ்த்த நிலையில் பெட்டியை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்து, மறுநாள் தொடருங்கள். அந்தப் பாதிப் பெட்டியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நல்ல கேள்வி கேட்கிறார்கள்.

தசைக்கு வேறு கட்டு. 1987-ல் சியாட்டில் நகரில் ஹெரால்டு வைன்ட்ராபின் ஆய்வகம் மையோடி என்ற ஒரே மரபணுவை எலியின் நார்ச்செல்லுக்குள் செலுத்தி அதைத் தசைச் செல்லாக்கிக் காட்டியது. ஒரு சீட்டுதான், சட்டகமே மாறிப்போனது. மாதிரியில் செய்வதற்கு இரு பெட்டிகளையும் நீளவாக்கில் வைத்து நடுச்சுவர் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், தசை முன்செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட இழையாகும். இன்னொரு மிதவையும் சேர்த்து இரண்டாகட்டும். இப்போது களிமண் உருண்டையைப் பிய்த்து மெல்லியதாகத் தட்டி, மிதவைகளின் மேல் பூசிவிடுங்கள். உண்மையில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான்: சென்ட்ரோசோமில் இருந்த காமா-டியூபுலின், பெரிசென்ட்ரின் போன்ற புரதங்கள் உட்கருவின் உறைக்கு இடம் மாறுகின்றன. அங்கே அவற்றுக்குக் கொக்கி போட்டு நிற்பது நெஸ்பிரின்-1 என்ற புரதம். ஸ்ட்ராக்கள் இனி மிதவையின் மேலிருந்தே கிளம்பி நீளவாக்கில் ஓடும். விமென்டின் போய் டெஸ்மின் வரும், நாருக்கு மூன்றாவது நிறம். ஆக்டின் நூல்களைச் சீராக வெட்டி வரிசையாக அடுக்குங்கள். தசையில் சுருங்கும் அலகுக்குச் சார்கோமியர் என்று பெயர், ஒன்றின் நீளம் இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேல். அதில் பாதி நீளத்துக்கு அளவுகோல் மாதிரி ஒரே மூலக்கூறாக நீண்டு கிடப்பது டைட்டின், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலம் கொண்ட புரதம். நரம்புச் செல்லை நான் இந்தப் பெட்டியில் செய்வதில்லை. அதன் நீண்ட வாலான ஆக்ஸானுக்குத் தெரு நீளம் வேண்டும்.

இதுவரை உத்தரவு உட்கருவிலிருந்து சட்டகத்துக்குப் போனது. திரும்பியும் போகும், அதைக் காட்டாமல் விட்டால் பாடம் பாதிதான். கட்டாத துண்டு நூல்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் அல்லவா, அவை இழையாகாத தனி ஆக்டின். ஒவ்வொன்றிலும் 'எம்ஆர்டிஎஃப்' என்று எழுதிய சீட்டைச் சுற்றிவையுங்கள், அது தனி ஆக்டினில் ஒட்டிக்கிடக்கும் ஒரு புரதம். துண்டை எடுத்து இழையில் முடிய வேண்டுமென்றால் சீட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய சீட்டை மிதவையில் ஒட்டச் சொல்லுங்கள். அங்கே போய் எஸ்ஆர்எஃப் என்ற புரதத்தோடு சேர்ந்து, இன்னும் ஆக்டின், வின்குலின் தயாரிக்கும் மரபணுக்களை அது திறந்துவிடும். கட்டக் கட்ட, சரக்குக்கு ஆர்டர் போகிறது. இதை நான் வாயால் சொல்வதில்லை. சீட்டுகள் மிதவையில் சேர்வதைப் பார்த்து யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை காத்திருப்பேன்.

நேரம் இருந்தால் இரண்டு கிளைக்கதை. ஒன்று செங்காந்தள், நம் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் கால்கிசின் இருக்கிறது, கீல்வாதத்துக்கு மருந்தாகும் அதே பொருள். அது டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழலை வளரவிடாது. ஸ்ட்ராவின் சிவப்பு முனையில் ஒரு காகிதத் திருகை அடைத்துக் காட்டலாம். 1960-களில் டியூபுலின் அகப்பட்டதே கால்கிசின் எதில் ஒட்டுகிறது என்று தேடியபோதுதான். கிழங்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டாம். கடும் விஷம், உயிரையே எடுக்கும்.

இன்னொன்று கடல் அட்டை. நம் கடலில் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடித்தால் வழக்கு, அது இங்கே எல்லோருக்கும் தெரியும். மிரண்டால் குடலையே கக்கிவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்பதும் தெரியும். எப்படி என்பதைக் கரீபியன் கடலில் வாழும் அதன் உறவுக்கார இனம் ஒன்றில் பார்த்திருக்கிறார்கள். அங்கே தசைச் செல்கள் தசைத்தன்மையை விட்டுப் பழைய எளிய நிலைக்குத் திரும்புகின்றன. அப்போது சுருங்கும் இழைகளை எல்லாம் கதிர் வடிவப் பொட்டலங்களாகக் கட்டி வெளியே தள்ளிவிடுகின்றன. நம் மாதிரியில் இதைச் செய்ய, தசைப் பெட்டியின் நூல்களைச் சுருட்டிச் சுவர்த் துளை வழியே வெளியே போட்டால் போதும். பிள்ளைகளுக்கு இதில் அப்படி ஓர் ஆனந்தம்.

எல்லாம் முடிந்ததும் முடிச்சுகளை அவிழ்த்து நூலையும் ஸ்ட்ராவையும் ஒரு கொட்டானில் போட்டுவையுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும். பெட்டிகளை ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், 14-ம் தேதி நள்ளிரவுக்கு மேல் எந்தச் சமாதானமும் எடுபடாது. துளைகளை ஒரு தடவை சரிபாருங்கள். போன வருஷம் நான் பார்க்கவில்லை. முதல் பாடு முடிந்து கரைக்கு வந்ததும் தம்பி போன் செய்தான். "அக்கா, நண்டுக்குப் பக்கத்துல ஊக்கு ரெண்டு கோத்துக் கிடக்கு, உன்னுதா?"